மத்தேயோவின் கால்

ஆலன், டெக்ஸாஸ்
செப்டம்பர் 23, செவ்வாய்

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் ஆஸிபாவும் ராத்தா வீட்டில் சுகம். உங்கள் சுகத்துக்கும் துஆ செய்கிறேன்.

கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள், "அமீ, மீட்டிங் இருக்கு" என்பீர்கள். மெசேஜ் அனுப்பினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் அந்தப் படத்தைப் போடுவீர்கள். இந்த விஷயத்தை அப்படி முடித்துவிட முடியாது. ஓவர்நைட் தபாலில் போடுகிறேன், நாளைப் பகலில் உங்கள் கைக்கு வந்துவிடும்.

உங்கள் பிரஷர் மாத்திரை சமையலறையில் இரண்டாவது டிராயரில் இருக்கிறது. ஆஸிபா ஒரு வாரம் வரமாட்டாள் என்று பள்ளிக்கு ஈமெயில் அனுப்பிவிட்டேன். எடிசனிலிருந்து மாமி கூப்பிட்டார்கள். பிளசன்டனில் நம் வீட்டை விட்டு இங்கே ஏன் வந்தாய் என்று அவர்கள் கேட்பதற்குள், கூடப்பிறந்த ராத்தாவுக்கே உடம்பு சரியில்லை என்று நானே முந்திக்கொண்டு பொய் சொன்னேன். சொன்ன பிறகு வாய் கசந்தது. நம் வீட்டில் இப்போது இது எல்லோருக்கும் சுலபமாக வருகிறது.

கல்யாணமாகி நான் நியூஜெர்சிக்கு வந்த வருடம் ஞாபகமிருக்கிறதா? பேஸ்பால் என்றால் கிரிக்கெட் மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்திருந்த எனக்கு, நீங்கள் செகண்ட் பேஸ் பக்கத்தில் குனிந்து நின்று தரையோடு வரும் பந்தைப் பொறுக்கி எறிவதைப் பார்க்க மட்டும் சலிக்கவே இல்லை. சின்ன டீம்களில் ஒன்பது வருடம் பஸ்ஸில் அலைந்தீர்கள். எல்லாவற்றுக்கும் மேலான மேஜர் லீகில் உங்களுக்குக் கிடைத்தது பதினொரு நாள். முழங்கால் வீங்கியிருக்கிறது என்று நீங்கள் சொல்லியும் ஊசி போட்டு ஆட இறக்கினார்கள். நான்காவது இன்னிங்ஸில் நீங்கள் மண்ணில் விழுந்ததை மேலே கேலரியில் உட்கார்ந்து பார்த்தவள் நான். மறு வாரம் ஆபீஸிலிருந்து ஒரு பெண் போன் செய்து லாக்கரைக் காலி செய்யச் சொன்னாள். அவளுக்கு உங்கள் பெயரை உச்சரிக்கக்கூடத் தெரியவில்லை.

அதன் பிறகு ஹூஸ்டன் பக்கம் அந்தச் சின்ன டீமுக்கு மேனேஜராகப் போனீர்கள். அந்த ஆறு வருடம்தான் நம் நல்ல காலம் என்று நான் இப்போது நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஹில்கிராஃப்ட் இந்தியக் கடைகளுக்குப் போய் ஒரு மூட்டை அரிசி வாங்கி வந்து, உங்கள் ஆட்டக்காரர்கள் இருபது பேருக்கும் பிரியாணி ஆக்கியிருக்கிறேன். ஒருவன் பஸ்ஸிலிருந்து இறங்கிய விதத்தைப் பார்த்தே அவனுக்குக் கணுக்கால் வலிக்கிறது என்று கண்டுபிடித்து, ஓனர் கத்தக் கத்த அவனை உட்கார வைத்தீர்கள். "மேட்ச் போனா அடுத்த மேட்ச் இருக்கு, கால் போனா?" என்று அவரிடம் கேட்டீர்களாம். அதை உங்கள் கோச் வந்து சொன்னபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

பிறகு பே ஏரியா கிளப்பில் வைஸ் பிரசிடென்ட் ஆனீர்கள். மைதானத்தை விட்டுக் கண்ணாடி அறைக்குள் போனீர்கள். போன மாதம் அந்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். டீம் டாக்டர் கூப்பிட்டார். போன் காரின் ஸ்பீக்கரில் இருந்தது. உங்கள் செகண்ட் பேஸ் ஆட்டக்காரன் மத்தேயோவின் இடது பாதத்தில் எலும்பு விரிசல் விட்டிருக்கிறது, ஆறு வாரம் ஆட வைக்காதீர்கள் என்று அவர் தெளிவாகச் சொன்னார். "ஓகே டாக்டர், நான் பார்த்துக்கறேன்" என்று நீங்கள் இங்கிலீஷில் சொன்னீர்கள். நான் பக்கத்தில் இருந்தேன். ஆஸிபா பின்சீட்டில் இருந்தாள்.

மறுநாளே அவனை இறக்கினீர்கள். அது சீசனின் கடைசிக் கட்டம், அந்த இடத்துக்கு வேறு ஆள் இல்லை, ஜெயித்தால் உங்களுக்கு அடுத்த பதவி. எல்லாம் எனக்குத் தெரியும். மூன்றாவது ஆட்டத்தில் அவன் பாதம் உடைந்தது. அதைக்கூட ஒரு தவறு என்று மன்னித்திருப்பேன், மச்சான். ஆனால் இரண்டு நாள் கழித்து டை கட்டிக்கொண்டு மைக் முன்னால் உட்கார்ந்து, "மத்தேயோ வலியை எங்களிடம் மறைத்துவிட்டார், வருத்தமாக இருக்கிறது" என்று சொன்னீர்களே! கண் கூடச் சிமிட்டவில்லை. டிவி முன்னால் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆஸிபா கரண்டியை வைத்துவிட்டு, "உம்மா, ஹி இஸ் லையிங், ரைட்?" என்று கேட்டாள். பேசாமல் சாப்பிடு என்று அவளை அதட்டினேன். அதற்காக என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

காயத்தை மறைத்தவன் என்று சொல்லி அவன் கான்ட்ராக்டை முறித்தீர்கள். அது போனால் விசாவும் போய்விடும். அவன் மனைவி லூசியா கைக்குழந்தையோடு நம் வீட்டுக்கு வந்தாள். அவள் அழவில்லை, சத்தம் போடவில்லை. வேலைக்குப் பயந்து டாக்டர் வாய் திறக்க மறுக்கிறார், அவர் உங்களிடம் சொன்னதை நீங்கள் ஒத்துக்கொண்டால் போதும் என்றாள். அவளுக்கு டீ கொடுத்தேன். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் ஃபிரிட்ஜுக்குள் எதையோ தேடுவதுபோல் நின்றேன்.

அதை உங்களிடம் சொன்னபோது நீங்கள் கேட்ட முதல் கேள்வி, "அவள ஏன் உள்ள விட்ட?" அடுத்து, "நான் அப்ப தாங்கினேன்ல, அவனும் தாங்கட்டும்" என்றீர்கள். அன்று உங்கள் சட்டையை மடிக்கக்கூட எனக்குக் கை வரவில்லை. அன்று ஊசி போட்டு உங்களை ஆட இறக்கியவனைப் பல வருடம் தொழுகைக்குப் பிறகு சபித்திருக்கிறேன். இப்போது அந்தச் சாபம் யார் தலையில் போய் விழும் என்று பயமாக இருக்கிறது.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். வேறு யாரும் சொல்லி நீங்கள் கேட்கக் கூடாது. நேற்றுக் காலை மத்தேயோவின் வக்கீலுக்கு நானே போன் செய்தேன். காரில் என் காதால் கேட்டதைச் சொன்னேன். வியாழன் பத்து மணிக்கு, மத்தேயோவின் புகார் மேல் லீக் நடத்தும் விசாரணையில் வீடியோவில் சொல்லச் சம்மதித்திருக்கிறேன். ஆஸிபாவும் சொல்கிறேன் என்றாள். கூடாது என்று முடிவாகச் சொல்லிவிட்டேன். வாப்பாவுக்கு எதிராகப் பேசிய பாரம் அந்தப் பிள்ளைக்கு வேண்டாம். ராத்தா என்னைத் திட்டினாள். "புருஷனக் காட்டிக் கொடுக்கற பொம்பளைக்கு வீடு நிக்குமாடி?" என்று கேட்டாள்.

இந்தக் கடிதத்துக்கும் விசாரணைக்கும் நடுவே உங்களுக்கு ஒரு நாள் இருக்கிறது. நீங்களே போய் டாக்டர் சொன்னார், நான்தான் இறக்கினேன் என்று சொல்லிவிட்டால் நான் வாய் திறக்க வேண்டியிருக்காது. பதவி போகும். போகட்டும். ஹூஸ்டன் பக்கத்து அந்த வாடகை வீட்டில் நாம் நன்றாகத்தானே இருந்தோம்?

உண்மையைச் சொல்லும் தைரியத்தை அல்லாஹ் உங்கள் நாவுக்குத் தருவானாக. மாத்திரையை மறக்காதீர்கள்.

ஆஸிபா இப்போது உங்களிடம் போனில் பேச மறுக்கிறாள், நானும் வற்புறுத்தவில்லை. வியாழன் மதியம் நீங்கள் கூப்பிடுங்கள். போனை நான் அவள் கையில் கொடுக்க முடிகிற மாதிரி அதற்குள் நடந்துகொள்ளுங்கள், மச்சான்.

உங்கள்
அமீனா