அக்கா வீட்டுக்குப் போகவேண்டிய கார்

ஏப்ரல் 6, 2003, ஞாயிறு

காலையிலேயே வெயில். குடை பிடித்துத்தான் கோயிலுக்குப் போனேன். பாதிரி ஐயர் பிரசங்கம் மன்னிப்பைப் பற்றி. மூன்று தடவை என் பக்கம் பார்த்தார். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள்.

திரும்பி வந்தால் வாசலில் கார் வாயைப் பிளந்து நிற்கிறது. மகன் ஜெயகுமார் பழைய ரேடியேட்டரைக் கழற்றித் தரையில் போட்டிருக்கிறான். உள்ளே வெள்ளை வெள்ளையாக உப்பு. ஆம்பூர் போர் தண்ணீர். வேறு எப்படி இருக்கும்.

"இதுல காத்துகூட போவாதும்மா. பெரிய ரேடியேட்டரா போட்டு, கரண்ட் ஃபேனும் வெச்சிட்டா மெட்ராஸ் வரைக்கும் ஓட்டலாம்."

"மெட்ராஸ் யாருக்குடா வேணும்? காவேரிப்பாக்கம் போனா போதும்."

காவேரிப்பாக்கத்தில் அக்கா படுத்த படுக்கை. பொங்கலுக்கு விழுந்தவள் எழவில்லை. என்னைப் பார்க்கவேண்டும் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பிவிட்டாள்.

பஸ்ஸில் போகமாட்டேன். ஏன் என்று இங்கே எழுதி வைக்கிறேன், வயசாகி மறந்துவிட்டது என்று யாரும் நினைக்கக்கூடாது. பதினேழு வருஷம் முன்பு அக்கா மகன் கல்யாணம். நாங்கள் இரண்டு பஸ் மாறிப் போனோம். பந்தல் வாசலில் அக்கா புருஷன், மாமா, சொன்னார்: "பஸ்ல வந்தவங்கல்லாம் கொஞ்சம் ஓரமா நில்லுங்க, கார் வருது." அக்கா பக்கத்தில் நின்று சிரித்தாள். பச்சைப் பட்டு. வாயில் வெற்றிலை. சாப்பிடாமல் திரும்பினோம். இனி அந்த வாசலில் சொந்தக் காரில்தான் இறங்குவேன் என்று பஸ்ஸிலேயே சொன்னேன்.

ஆறு மாசத்தில் என் வீட்டுக்காரர் எருமையை விற்று இந்தக் காரை வாங்கினார். வெள்ளைக்காரன் காலத்து வண்டி. எருமையை விற்கச் சொன்னது நான்தான் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். பொய். கார் வாங்கச் சொன்னேன், அவ்வளவுதான்.

முதல் தடவை புறப்பட்டபோது பள்ளிகொண்டாவில் கொதித்து நின்றது. அதன்பிறகு எந்தத் தடவையும் பள்ளிகொண்டாவைத் தாண்டவில்லை. மாமா சாவுக்கும் நான் போகவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

ரேடியேட்டர் வந்தது. வேலூரில் பழைய சாமான் கடை. ஏதோ வேனுடையது. உட்காரவில்லை, இரண்டு விரல் அகலம் ஜாஸ்தி. ஜெ. இரும்புப் பட்டையை அறுத்தான். இருட்டும்வரை அறுத்தான். ஷூ கம்பெனியில் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவன். வீட்டில் ஒரு ஆணி நேராக இறங்காது.

வாங்க: ஹோஸ் பைப் 2, கிளாம்பு 4 (போன தடவை மாதிரி சின்னது வேண்டாம்), ஒயர், புளி, பல்வலி மாத்திரை.

மருமகள் கமலா: "அத்தே, பஸ்ல போனா மத்தியானத்துக்குள்ள போய்ட்லாம்."

காது கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ஏப்ரல் 9

ஃபேன் மாட்டியாகிவிட்டது. சுற்றுகிறது. ஆனால் காற்று இஞ்சின் பக்கம் போகாமல் ரோட்டுப் பக்கம் அடிக்கிறது. கமலா முந்தானை பறந்ததில்தான் தெரிந்தது. ஒயரை மாற்றிக் கொடுக்க ஒரு சாயங்காலம் போனது.

குடிதண்ணீர் மூன்று குடம் வேண்டுமாம், காருக்கு. "போர் தண்ணி ஊத்தினா இதுவும் அடைச்சிக்கும்மா." நாலு நாளைக்கு ஒரு தடவை குழாயில் வருகிற தண்ணீர். கொடுத்தேன். கொடுக்கும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்ளவேண்டுமோ அப்படி வைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

அக்கா மகன் போன். கஞ்சி மட்டும்தான் இறங்குகிறதாம். பாதி நேரம் தூக்கம். கண் திறந்தால் என் பேர்.

"சித்தி, எப்ப வர்றீங்க?"

"வண்டி வேலை நடக்குது."

"நான் கார் அனுப்பட்டா சித்தி?"

போனை வைத்துவிட்டேன். அவன் கார்!

மோர் புளித்துப்போய்விட்டது. கமலா மூடி வைக்கவில்லை.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

எல்லாம் பூட்டித் தண்ணீர் ஊற்றினால் வாட்டர் பம்ப் பக்கத்தில் ஒழுகுகிறது. பம்ப்பை இஞ்சினோடு சேர்க்கிற இடத்தில் மெல்லியதாக ஒரு கேஸ்கெட் இருக்குமாம். கழற்றும்போது கிழிந்திருக்கிறது. இன்று கடை இல்லை. நாளை வருஷப் பிறப்பு, நாளைக்கும் இல்லை. ஜெ.வுக்கு லீவு இருப்பதும் நாளைதான்.

எதிர்வீட்டு சலீம் வந்தான்.

"தோல் ஊர்ல இருந்துக்கினு கேஸ்கெட்டுக்குப் பேஜார் படறியா தோஸ்த்?"

வீட்டுக்குப் போய்த் தோல் துண்டு ஒன்று கொண்டுவந்தான். செருப்பு அடிக்குப் போடுகிற பழுப்புத் தோல். இரண்டு பேரும் சேர்ந்து அளவு வைத்து வெட்டினார்கள். நன்றாகத்தான் வெட்டினார்கள்.

"டேய், அந்தத் தோலு..." என்று ஆரம்பித்தேன்.

"அம்மா, வண்டியப் பத்தி உனக்கு இன்னா தெரியும்? உள்ள போ, சும்மா நொணநொணன்னு."

சலீம் சிரித்தான். நான் உள்ளே போய்விட்டேன்.

இருபத்தாறு வருஷம் தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை செய்தேன். தோல் பதமாகிவிட்டதா என்று எப்படிப் பார்ப்பார்கள்? ஒரு துண்டு வெட்டி, காகிதத்தில் வைத்துச் சுற்றிலும் பென்சிலால் கோடு போட்டு, கொதிக்கிற தண்ணீரில் போடுவார்கள். எடுத்து மறுபடி கோட்டின்மேல் வைப்பார்கள். மருந்து ஏறிய நீலத்தோல் அப்படியே இருக்கும். மரப்பட்டையில் ஊறிய பழுப்புத் தோல் தாங்காது, சுருண்டுவிடும்.

தெரியும். சொல்லவில்லை. வண்டியைப் பற்றித்தான் தெரியாது என்றான். தோலைப் பற்றி அவன் கேட்கவில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

காலை ஆறுக்குப் புறப்பாடு. நான் பின் சீட்டு. அக்காவுக்கு ரொட்டி, ஆரஞ்சு, ஒரு நூல் புடவை.

மாதனூர் வருவதற்குள் சூடு காட்டுகிற முள் ஏறிவிட்டது. அப்புறம் புகை. பள்ளிகொண்டாகூட இல்லை, மாதனூர்! ஜெ. ஓரம் கட்டினான். ஆறவைத்துக் கழற்றிப் பார்த்தால் தோல் அப்பளம் மாதிரி சுருண்டிருக்கிறது.

"சுருங்கிப் போச்சும்மா!"

"பட்டைத் தோலு. சுடுதண்ணில சுருங்காம இன்னா பண்ணும்?"

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்போ ஏன் சொல்லல?"

"உள்ள போன்னு சொன்னியே."

கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை. ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"பெரியம்மா அங்க இழுத்துக்கினு கெடக்குது. நீ இங்க எங்கிட்ட மொறப்பு காட்டிக்கினு இருக்க."

டிராக்டரில் கட்டி இழுத்து வந்தோம். தெரு முழுக்க வேடிக்கை. ஆரஞ்சைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

நேற்றே சொல்லியிருந்தால் நீலத்தோல் துண்டு ஒன்று தேடியிருப்பான். இந்நேரம் அக்கா வீட்டில் இருந்திருப்பேன்.

ஏப்ரல் 16, புதன்

நேற்றுக் கடையில் சரியான கேஸ்கெட் அட்டை வாங்கி வெட்டிப் போட்டான். இன்று சாயங்காலம் என் பேத்தி பியூலாவை வேலூர் பாகாயம் நர்ஸ் ஹாஸ்டலில் விடப் போனோம். போக வர நூறு கிலோமீட்டர் இருக்கும். பள்ளிகொண்டாவைப் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை தாண்டினோம். முள் பாதிக்கு மேல் ஏறவே இல்லை. ஜெ. ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தான்.

பிரேக்கைப் பார்த்தாயா என்று கேட்டேன். பார்த்தானாம். டயர்? பார்த்தானாம். ஹாரன் கம்மலாக அடிக்கிறதே என்றேன்.

பியூலா: "ஏன் ஆயா, ஹாரன் சரியில்லன்னா பெரிய ஆயா கதவத் தொறக்காதா?"

வாய் அதிகம். அவள் அம்மா மாதிரி.

அக்கா மகன் மறுபடி போன் செய்தானாம், கமலா எடுத்திருக்கிறாள். "சீக்கிரம்" என்று மட்டும் சொன்னானாம். ஜெ. நாளைக்கு லீவு சொல்லிவிட்டான்.

ஏப்ரல் 17, பெரிய வியாழன். அக்கா வீடு

மேகம் இல்லை. அனல். வேலூர் தாண்டியது. முள் அசையவில்லை. வாலாஜா தாண்டியது. அசையவில்லை.

"நிறுத்துடா, சூடாவுது போல."

"எங்க ஆவுது? பாரு."

"தண்ணி பாரு ஒருதரம்."

பார்த்தான். நிறையத் தண்ணீர்.

காவேரிப்பாக்கம் ஏரிக்கரை தெரிந்தது. மறுபடி நிறுத்தச் சொன்னேன். ஜெ. இறங்கி, பானட்டைத் திறந்துவைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு ஏரியைப் பார்த்து நின்றான். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அப்புறம் நானே போகலாம் என்றேன்.

அக்கா வீட்டு வாசலில் கார் நின்றது. இறங்கினேன். பார்க்க ஒருவரும் இல்லை. ஒரு ஆடு மட்டும் சுவரொட்டியைத் தின்றுகொண்டிருந்தது.

நடு அறையில் கட்டில். இவ்வளவு சின்ன ஆளா. தலையில் முடியே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். கண்ணைத் திறந்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"யாரு, சின்னவளா?"

"ஆமாங்க்கா."

"இவ்ளோ நாளா இன்னாடி பண்ணிக்கினு இருந்த?"

"காருக்கு ரேடியேட்டர் மாத்திக்கினு இருந்தோம்."

கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்துப் போர்வையை இழுத்துவிட்டேன்.

"பதினேழு வருஷமாவா?"