தூணுக்கு மறுபக்கம்

இன்று காலை சுமைக்காரர் ஒருவர் தலையில் கொண்டுவந்த எலுமிச்சை மூட்டை என் கடை வாசலில் கிழிந்துவிட்டது. நாலைந்து பழம் காலில் மிதிபட்டு நசுங்கின. அந்த வாசனையில் உன் நினைப்பு வந்தது. அழுகை வரவில்லை. மிளகாய் வத்தல் நிறுத்துக்கொண்டிருந்தேன், நிறுத்து முடித்தேன்.

இன்று ஆடித்தபசுத் திருவிழா. கூட்டம் முழுக்க நம் வளைவுக்குள் நுழைந்துதான் கோவிலுக்குப் போகவேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில் கோவில் தெருவின் முகப்பில் கட்டியது. நாலு பேர் கைகோத்தாலும் சுற்றிப் பிடிக்க முடியாத தூண்கள். "காணாமப் போனா வளைவுக்கு வந்திரு" என்று சொல்லித்தான் இன்றைக்கும் பிள்ளைகளைத் தபசுக்குக் கூட்டிவருகிறார்கள். கையில் போன் இருந்தாலும் அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கும்?

நீ புளியங்குடியிலிருந்து எலுமிச்சையோடும் நான் திருவேங்கடத்திலிருந்து வத்தலோடும் வந்து, பக்கத்துப் பக்கத்தில் சாக்கு விரித்து விற்ற காலம். முதல் தபசிலேயே கூட்டம் நம்மைப் பிரித்துவிட்டது. நான் வளைவுக்கு ஓடி, இங்கிலீஷ் எழுத்துக் கல் பதித்த பக்கம் நின்றேன். நீ அதே தூணின் மறுபக்கம் நின்றாய். சாமி காட்சி கொடுத்து, காட்டு வேலை பார்க்கும் சம்சாரிகள் நேர்ச்சையாக வாரி இறைத்துச் சூறைவிட்ட பருத்தியும் வத்தலும் தரையில் மிதிபட்டு, கூட்டம் கலைந்த பிறகுதான் ஒருவரையொருவர் பார்த்தோம்.

"எங்கல போய்த் தொலைஞ்ச? சாமிகூடப் பாக்காம இங்கன நிக்கேன்!" என்று கத்தினாய்.

"நானும் இங்கனதாம்ல நிக்கேன்."

"தூணச் சுத்தி ஒரு எட்டு வந்து பாக்க வேண்டியதுதான?"

"நீ பாத்தியால?"

இருவரும் பார்க்கவில்லை. இனிமேல் கல் இருக்கிற பக்கம்தான் என்று நீ முடிவு செய்தாய். அந்தக் கல்லில் இருப்பது யாரோ ஒரு துரையின் பெயர் என்று பிற்பாடு என் மகள் படித்துச் சொன்னாள். "பேரு அவனுதா இருந்துட்டுப் போட்டும், நெழலு நமக்குத்தான" என்றாய்.

பிறகு நான் தெருவுக்குள் கடையும் குடோனும் வாங்கினேன். வளைவுக்குள் லாரி நுழையாது. வெளியே நிறுத்தி, மூட்டை மூட்டையாகத் தலைச்சுமையில் கொண்டுவர வேண்டும். வளைவை எடுத்துவிடச் சொல்லித் தெரு வியாபாரிகள் மனு கொடுத்தோம். மறைக்க ஒன்றுமில்லை, அது என் யோசனை. முதல் கையெழுத்தும் என்னுடையது. கேள்விப்பட்டுக் கடைக்கு வந்தாய். உட்காரவில்லை.

"கையெழுத்த எடுத்திருல."

"லாரி உள்ள வரணும்லா? யாவாரம் பண்ணுதேன், சும்மாவா இருக்கேன்?"

"அத இடிச்சிட்டா ஒன்ன எங்கன வந்து தேட?"

"அதான் பெரிசா போர்டு வச்சிருக்கேன்லா" என்று சிரித்தேன்.

நீ சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு கடைப்பக்கம் வரவில்லை. நானும் போன் போடவில்லை. தபசுக்கு எப்படியும் வருவான், அப்போது பேசிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். பங்குனியில் உனக்கு நெஞ்சுவலி என்றார்கள். புளியங்குடிக்கு வந்தேன், மாலை போட்டேன், மத்தியான பஸ்ஸில் திரும்பிக் கடையைத் திறந்தேன். "கல்லு மனசுக்காரன்" என்று உன் தெருவில் யாரோ சொன்னது காதில் விழுந்தது. கோபம்கூட வரவில்லை. மரத்துப்போன கால் மாதிரி இருந்தது. இன்னும் அப்படித்தான் இருக்கிறது.

போன வாரம் எங்கள் மனுவின் பேரில் வளைவை அளக்க முனிசிபாலிட்டி ஆட்கள் வந்தார்கள். என் பெயரை மனுவிலிருந்து அடித்துவிடச் சொன்னேன். காரணம் கேட்டார்கள். "லாரி வெளியவே நிக்கட்டும்" என்றேன். மற்றவர்களின் கையெழுத்து அப்படியே இருக்கிறது. வளைவு நிற்குமா என்பது தெரியாது. நீ கேட்டபோது செய்யாததை இப்போது செய்து உனக்கு என்ன லாபம்? ஒன்றுமில்லை, அது தெரியும்.

சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டுப் போய்க் கல் பதித்த பக்கம் நின்றேன். "யாருக்கு அண்ணாச்சி நிக்கிய?" என்று பூக்காரம்மா கேட்டாள். "ஒரு ஆளு வரணும்" என்றேன். காட்சி முடிந்தது. பருத்தி பறந்து வந்து சட்டையில் ஒட்டியது. கூட்டம் கலைகிறவரை நின்றேன்.

பிறகு தூணைச் சுற்றி ஒரு எட்டு, மறுபக்கமும் போய்ப் பார்த்தேன்.