பட்டுப்பாவாடையில் பஞ்சம்

ஜன. 27, செவ்வாய்
காலையில் பனி. கேம்ப் ரோட்டில் வழக்கமான நெரிசல். ஆண்டு விழாவுக்கு நாலே நாள். ஏழாம் வகுப்பு நாடகம் என் தலையில்: தாது வருஷப் பஞ்சம், சீமையில் ஜனங்கள் திரட்டி அனுப்பிய நிதியில் கஞ்சி வார்க்கும் துரை. துரையாக நடிக்க வகுப்பே தயார். பட்டினி கிடக்க ஒருத்தரும் இல்லை. சீட்டுக் குலுக்கினேன். துரை: ரோஷன்.

எச்.எம்.: "சோகமான சீன்ல யாராவது சிரிச்சாங்கன்னா, அடுத்த வருஷத்துலேர்ந்து டான்ஸ் மட்டும்தான் மிஸ்." வரலாற்று டீச்சருக்கு வருஷத்தில் கிடைப்பதே இந்தப் பத்து நிமிஷம். விடமாட்டேன்.

ஜன. 29, வியாழன்
வாங்க: சாக்கு, கரி, சேஃப்டி பின். பல் வலி தேவலை.

பட்டினிக்காரி ஹரிணியின் அம்மா பெரும்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்து சண்டை. "எம்பொண்ணுக்கு சாக்கா? பஞ்சம்னா இன்னா மிஸ், பூ கூட வெக்கக் கூடாதா? ஸ்டேஜ்ல ஏறுற புள்ள, மங்களமா இருக்க வேணாம்?" கையில் புதுப் பட்டுப்பாவாடை. வரலாறு சொல்லிப் பார்த்தேன். "அதெல்லாம் அப்போ" என்றார். மற்ற அம்மாக்களும் அவர் கட்சி. தோற்றேன். கோபம்தான். பாவாடை நல்ல மாம்பழ நிறம், அதையும் சொல்ல வேண்டும்.

ஜன. 31, சனி
விழா. ஐந்து மணி என்றார்கள். சிறப்பு விருந்தினர் வண்டலூர்ப் பக்கம் நெரிசலில் மாட்டி, ஏழு. "லிப்ஸ்டிக் போய்டும்" என்று பிள்ளைகள் பல்லில் மதியத்திலிருந்து பச்சைத் தண்ணீர் படவில்லை. எனக்கு அது அப்போது தெரியாது.

திரை விலகியது. கழுத்து நிறையக் கவரிங், தலை நிறைய மல்லிகை, பஞ்சத்தில் அடிபட்டவர்கள் எட்டுப் பேர். அரங்கமே சிரிப்பு. எச்.எம். என் பக்கம் திரும்பினார். செத்தேன்.

துரை அண்டாவில் கரண்டியை விட்டான். ஹரிணி தட்டோடு எட்டிப் பார்த்தாள். அண்டா காலி, நடிப்புதானே. உதடு பிதுங்கியது. "மிஸ், நெஜமாவே பசிக்குது." மைக் பிடித்துக்கொண்டது. தேம்பி அழுதாள். கூடவே மற்றவர்களும். அரங்கில் சிரிப்பு நின்றது.

"ஐயோ, எந்தங்கம்!" ஹரிணியின் அம்மா டப்பாவோடு மேடை ஏறிவிட்டார். தக்காளி சாதம். உட்கார்ந்து, எட்டுப் பேருக்கும் ஆளுக்கொரு வாய் ஊட்டினார். ஒரே கைதட்டல். எச்.எம். எழுந்து நின்று தட்டினார்.

துரை கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து, கடைசி ஆளாக வாயைத் திறந்தான்.