நாம் உட்கார்ந்த இடமே உச்சி

உன் பிளாஸ்க் இப்போது என் வீட்டில் இருக்கிறது. போகிக்கு மறுநாள் உன் பெரிய மகன் கொண்டுவந்து கொடுத்தான். தக்கையைத் திறந்து மூக்கருகே வைத்தேன். சுக்கு, பனைவெல்லம், கொஞ்சம் துளசி. நன்றாகக் கழுவித்தான் கொடுத்திருக்கிறார்கள். இருந்தாலும் இத்தனை வருஷத்து வாசனை எங்கே போகும்? உள்ளே இருக்கும் கண்ணாடியை எத்தனையோ தடவை மாற்றினாய். வெளித்தகரத்துக்குக் கடைப் பெயின்ட்டை நீயே அடித்தாய், அதுவும் யாரும் வாங்காத அந்தப் பச்சையை. நசுங்கின மூடி மட்டும்தான் ஆரம்பத்திலிருந்து இருப்பது.

ஐப்பசி மழையில் உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்தோம். அன்றைக்கு நான் அழவில்லை. அடுத்து வந்த நாட்களிலும் அழவில்லை. என் வீட்டுக்காரிகூட ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அந்தத் தக்கையை முகர்ந்தபோதுதான் அழுகை வந்தது, உன் மகன் எதிரிலேயே. அவன் பாவம், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

உன்னிடம் ஒரு விஷயம் பேச வேண்டும். கோபமாகத்தான் பேசப் போகிறேன். வேறு யாரிடம் பேச முடியும்? கோதண்டம் இல்லை, தட்சணா இல்லை. நீ ஒருவன் இருந்தாய், நீயும் கிளம்பிவிட்டாய்.

பதினொன்றாம் வகுப்பின் கடைசிப் பரீட்சையை எழுதிவிட்டு, விரலில் மைக்கறையோடு நாம் நாலு பேரும் ராஜகிரிக் கோட்டை மலையில் ஏறினோமே, அங்கிருந்து தொடங்குகிறேன். பாறை சுட்டது. கோதண்டத்துக்குச் செருப்பு இல்லை, குதித்துக் குதித்து வந்தான். ஆணி, கயிறு, பெயின்ட் என்று எல்லாம் விற்கும் உங்கள் கடைக்குப் புதிதாக வந்திருந்த பிளாஸ்க்கை நீ உன் அத்தாவுக்குத் தெரியாமல் தூக்கிக்கொண்டு வந்திருந்தாய். உச்சிக்குப் போகும் முன்னால் வரும் பாலத்தின் மேல் கோதண்டம் அதன் மூடியைக் கீழே போட்டான். மூடி நசுங்கியது. நசுங்கினதை யார் வாங்குவார்கள்? அன்றிலிருந்து அது உன்னுடையதாயிற்று.

மேலே, மணிக்கூண்டு நிழலில் உட்கார்ந்துகொண்டு நீ முதல் மூடியை எனக்கு ஊற்றினாய். எங்கள் காலனிப் பிள்ளைகளுக்கு அந்த நாளில் ஊர்த்தெருவில் டீயை எப்படிக் கொடுப்பார்கள் என்பது உனக்குத் தெரியும். நான் குடித்துவிட்டு மூடியை உதறப் போனேன். நீ அதை உதறவிடாமல் வாங்கி, அதிலேயே ஊற்றிக் குடித்தாய். அதன்பிறகு தட்சணா, அதன்பிறகு கோதண்டம். அந்த வரிசை கடைசிவரை மாறவில்லை. அதைப் பற்றி நாம் ஒரு வார்த்தையும் பேசியதில்லை. சிலதைப் பேசாமல் விடுவதுதான் அழகு என்று ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

பிறகு ஆளுக்கொரு வேலை. கோதண்டம் பஸ் ஓட்டினான். தட்சணா சீயமங்கலத்தில் வாத்தியார். நான் கரண்ட் ஆபீஸில் குமாஸ்தா. நீ கடையை விட்டு அசையவில்லை. ஆனால் காணும் பொங்கலுக்கு மறுநாள் யார் எங்கே இருந்தாலும் மலைக்கு வந்துவிட வேண்டும். காணும் பொங்கலன்று சுற்றுப்பட்டு ஜனம் முழுக்கக் கோட்டையில்தான் இருக்கும். மறுநாள் காலியாகிவிடும். கிடைத்ததையெல்லாம் தின்றுவிட்டுக் குரங்குகள்கூடப் படிக்கட்டில் அசையாமல் கிடக்கும். என் பங்கு வேகவைத்த வேர்க்கடலை, தட்சணா வீட்டு எலுமிச்சம் சாதம், கோதண்டம் எங்கேயாவது டிப்போ வாசலில் வாங்கிவரும் வடை, உன் சுக்குக் காபி. எல்லாம் உச்சியில்தான் பிரிக்கப்படும். கீழே ஒரு கடலையைக்கூட உரிக்க விடமாட்டாய்.

கோதண்டத்துக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆன அடுத்த தையில்தான் அது மாறியது. பாதி மலையில் இருக்கும் அம்மன் கோயில் வரைக்கும் வந்தான். அங்கே தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அவ்வளவு பெரிய உடம்பு, சட்டையெல்லாம் வேர்வை.

"நீங்க போய்ட்டு வாங்கடா. நான் இங்கியே கொரங்குகிட்ட பேசினு இருக்கறேன்" என்றான்.

நானும் தட்சணாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். உனக்குத்தான் கோபம் வந்தது. துண்டை உதறி அவன் பக்கத்தில் விரித்தாய்.

"யாரு போறது? இவன் உக்காந்த எடம்தான் இன்னிக்கு உச்சி. பொட்டலத்தப் பிரிங்கடா."

அன்று அந்த எலுமிச்சம் சாதத்தைச் சாப்பிடும்போது கோதண்டம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிட்டான். வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரி, "எது வரைக்கும் போனீங்க?" என்று கேட்டாள். "உச்சிக்குத்தான்" என்றேன். நீங்களும் உங்கள் வீடுகளில் அதையே சொன்னீர்கள்.

அதுவே நம் சட்டமாகிவிட்டது. முடியாதவன் முடியவில்லை என்று வாய்திறக்க வேண்டியதில்லை, உட்கார்ந்தால் போதும். அவன் உட்கார்ந்த இடம் உச்சி. மற்றவர்கள் ஏன் என்று கேட்கக் கூடாது, தாண்டிப் போகவும் கூடாது. எவ்வளவு நல்ல சட்டம் என்று எனக்குள் பெருமைப்பட்டுக்கொண்டேன். ஆபீஸில் எவனெவனிடமோ சொல்லிக்கூட இருக்கிறேன்.

கோதண்டம் போனான். அதற்குள் தட்சணாவுக்குச் சர்க்கரை முற்றி, காலில் ஆறாத புண். உச்சி கீழே இறங்கிக் கல்யாண மகால் எதிரே இருக்கும் புல்தரைக்கு வந்துவிட்டது. தட்சணா காலை நீட்டிக்கொண்டு, "இந்த வருசம் உச்சியில புல்லு நல்லா வளந்துருக்குதுடா" என்பான். சிரிப்போம். சிரித்துக்கொண்டே அண்ணாந்து மேலே பார்ப்போம். அவனும் ஒரு வைகாசியில் போய்விட்டான்.

மிச்சம் நாம் இரண்டு பேர். அந்தத் தை மாதம் உனக்கு நினைவிருக்கும். புல்தரையில் நாம் உட்காரவில்லை. ஒரு வார்த்தையும் பேசாமல் அதைத் தாண்டி, மலைப் படிக்கட்டு தொடங்கும் இடம் வரைக்கும் நடந்தோம். எனக்கு உள்ளுக்குள் ஒரு பரபரப்பு. இந்தத் தடவை மேலே போகப் போகிறோம் என்று நினைத்தேன். அப்போது நீ வாயைப் பொத்திக்கொண்டு இருமினாய். கடைப் பெயின்ட் நெடியில் வருஷக்கணக்காக இருந்த இருமல்தான். ஆனால் கோதண்டமும் ஆரம்பத்தில் இப்படித்தான் இருமினான் என்று எனக்குத் தோன்றிவிட்டது. டாக்டர் போடச் சொன்னாரே என்று என் முட்டியில் ஒரு பட்டை போட்டிருந்தேன். நீ அதைப் பார்த்துக்கொண்டிருந்தாய். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் நின்றோம். பிறகு ஏறக்குறைய ஒரே சமயத்தில் முதல் படியில் உட்கார்ந்தோம். யார் முதலில் உட்கார்ந்தது என்று இப்போது எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை.

"போதும்டா, இங்கியே நல்லா காத்து வருது" என்றாய்.

நானும் ஆமாம் என்றேன். காற்றே இல்லை.

அதற்கப்புறம் ஒவ்வொரு தையிலும் அதே படி. போன வருஷம் அதுவும் இல்லை, சீட்டுக் கொடுக்கும் இடத்துக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு பிளாஸ்க் காபி குடிக்கிறார்களே என்று கடைக்காரர் முறைத்தார். நீ அவருக்கும் ஒரு மூடி ஊற்றிக் கொடுத்தாய். வீட்டில் உச்சிக்குப் போனோம் என்றே சொன்னேன்.

பாண்டி ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்த்தபோது வயிற்றுக் கட்டியைப் பற்றி நீ ஒன்றுமே பேசவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "மேலேர்ந்து பாத்தா ஊரு எப்படி இருக்கும்னே மறந்துடுச்சிடா" என்றாய்.

"நல்லாயிட்டு வா. தையில போலாம்" என்றேன்.

நீ திரும்பி என் முகத்தைப் பார்க்கவில்லை. என் முட்டியைப் பார்த்தாய். "நீயா? சர்தான்" என்று சிரித்தாய். சாகப்போகிறவனிடம் பொய் சொல்கிறேனே என்று என்னைக் கேலி செய்ததாக நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

இப்போது உன் மகன் சொன்னதைக் கேள். என் அழுகை ஓய்ந்தபிறகு காபி குடித்துக்கொண்டே பேச்சுவாக்கில் சொன்னான்.

"அத்தா கடசி வரைக்கும் கடப் பரண்ல அவரேதான் மாமா ஏறுவாரு, பெயின்ட் டின்னத் தூக்கினு. ஆள் வெச்சிக்கலாம்னா கேக்கவே மாட்டாரு."

"அப்பறம் மலைக்கு மட்டும் இன்னாப்பா வந்துது?" என்றேன்.

அவன் என்னை விநோதமாகப் பார்த்தான். "உங்களுக்குத்தான மாமா முட்டி முடியல? 'அவன் வாயத் தெறந்து சொல்ல மாட்டான், நான்தான் மொதல்ல உக்காந்துக்கணும்'னு அம்மாகிட்ட சொல்லுவாரு. உங்களுக்கும் தெரியும்னு நெனச்சேன்."

எனக்குத் தெரியாதடா. எனக்கு அப்போது முட்டி வலித்தது நிஜம்தான். ஆனால் ஏற முடியாத வலி இல்லை. மெதுவாக, நாலு இடத்தில் நின்று நின்று மேலே போயிருப்பேன். உன் இருமலுக்காகத்தான் உட்கார்ந்தேன். நீ என் முட்டிப்பட்டைக்காக உட்கார்ந்தாய். இரண்டு பேருக்கும் முடியும். இரண்டு பேருக்கும் ஆசை. முதல் படியில் உட்கார்ந்துகொண்டு, பாவம் இவனால் முடியவில்லை என்று ஒருவனைப் பார்த்து ஒருவன் பரிதாபப்பட்டுக்கொண்டு, கடலை உரித்தோம். வருஷா வருஷம்.

ஏன்டா, முட்டாள்களா நாம்? "ஏறலாமா?" என்று ஒரு கேள்வி. அதைக் கேட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? கேட்டால் மற்றவன் கூனிப்போவான் என்று இருந்துவிட்டோம். விட்டுக்கொடுக்கிறோம் என்று நினைத்து, கடைசியில் இரண்டு பேருக்குமே இல்லாமல் செய்துகொண்டோம். கோதண்டத்துக்காக நீ சொன்ன வார்த்தை அவனுக்குப் பொருந்தியது, அவனை அது காப்பாற்றியது. நமக்கு அது வேண்டியிருக்கவில்லை. நீ கேட்டிருக்க வேண்டும். நான் கேட்டிருக்க வேண்டும். உன் மேல் கோபப்படலாம் என்று பார்த்தால் பாதிக் கோபம் என் பக்கமே திரும்பி வருகிறது. மீதிப் பாதியை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் தெரியவில்லை.

இன்று காணும் பொங்கலுக்கு மறுநாள். காலையில் வீட்டுக்காரியிடம் சுக்குக் காபி போடச் சொன்னேன். எவ்வளவு என்று கேட்டாள். பிளாஸ்க் நிறைய என்றேன். ஷேர் ஆட்டோவில் கோட்டைக்குப் போய் இறங்கினேன். சீட்டுக் கொடுப்பவர் என் நடையைப் பார்த்துவிட்டு, "மேல ஏறாதீங்க பெரியவரே, கீழயே சுத்திப் பாத்துட்டு வந்துடுங்க" என்றார். சரி என்றேன்.

புல்தரையைத் தாண்டி நம் படிக்கு வந்தேன். எப்படியும் ஏறிவிடுவது என்றுதான் வந்திருந்தேன். இனி உட்கார்ந்து காப்பாற்ற யாரும் இல்லையே. முதல் படியில் கால் வைத்தேன். இரண்டாவது படிக்கு முட்டி மடங்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்ததுதான் மிச்சம். டாக்டர் எலும்பு தேய்ந்து ஒட்டிவிட்டது என்று படம் காட்டியிருந்தார். நீ இத்தனை வருஷம் நம்பியது இப்போதுதான் நிஜமாகியிருக்கிறது.

அங்கேயே உட்கார்ந்தேன். தக்கையைத் திறந்து மூடியில் ஊற்றினேன். முதல் மூடி என்னுடையது, குடித்தேன். குடித்துவிட்டு இடதுபக்கம் நீட்டினேன். பழக்கம். கை அப்படியே கொஞ்ச நேரம் நீட்டியபடி இருந்தது. காலேஜ் பிள்ளைகள் சிலர் செல்போனைப் பிடித்துக்கொண்டு என்னைத் தாண்டித் தடதடவென்று மேலே ஓடினார்கள். மணிக்கூண்டு வெயிலில் தெளிவாகத் தெரிந்தது.

இது உச்சி என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். வாய்விட்டே சொன்னேன். எடுபடவில்லை. முடியாதவன் உட்கார்ந்த இடம் உச்சி என்றால், அதைச் சொல்வதற்கு முடிந்தவன் ஒருவன் பக்கத்தில் வேண்டும். அவன் துண்டை விரித்து உட்கார வேண்டும். ஒருத்தனாக உட்கார்ந்தால் அது வெறும் படிக்கட்டு. அந்தச் சட்டத்தை நம் நாலு பேரோடு முடியும்படிதான் போட்டிருக்கிறாய். கடைசியில் மிஞ்சும் நாலாவது ஆளுக்கு என்ன வழி என்று நீயும் யோசிக்கவில்லை, நாங்களும் யோசிக்கவில்லை.

மறுபடி ஊற்றிக்கொள்ள மனசு வரவில்லை. மூடியைத் திருகினேன். அந்த நாளில் திரும்பி வரும்போது பிளாஸ்க் காலியாகக் கோதண்டம் கையில் ஆடிக்கொண்டு வரும். இன்று அதைத் தோளில் மாட்டிக்கொண்டு ரோடு வரைக்கும் நடப்பதற்குள் தோள் வலித்துவிட்டது. நாம் பேசாமல் விட்டதையெல்லாம் இனி நான்தான் இப்படிச் சுமந்துகொண்டு திரிய வேண்டும். இறக்கி வைக்க ஆள் இல்லை.

வீட்டுக்காரி கதவைத் திறந்து பிளாஸ்க்கை வாங்கினாள். கனத்தைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். இத்தனை வருஷமாக நாம் சொன்ன உச்சி எது என்று அவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்துதான் ஒவ்வொரு தடவையும் கேட்டிருக்கிறாள்.

"இன்னா, உச்சிக்குப் போவலியா?" என்றாள்.

"இல்ல. கீழயே உக்காந்துட்டு வந்துட்டேன்" என்றேன்.

அவள் பிளாஸ்க்கைத் திறந்து பார்த்தாள். காபி இன்னும் சூடாகத்தான் இருந்தது.