அரைக்கால் அங்குலம் குறைந்த துப்பாக்கிக் குழல் குறித்து

அனுப்புநர்:
திருமதி ஆர்லீன் டோர்கர்சன்,
க/பெ. வெண்டெல் டோர்கர்சன் (தச்சர்),
மேல் லார்ச் சாலை, ஹார்லன் ஃபோர்க்,
மான்டானா.

பெறுநர்:
உயர்திரு அரசு வழக்கறிஞர் அவர்கள்,
கூட்டாட்சி நீதிமன்ற வளாகம்,
மான்டானா.

பொருள்: கரடியிடமிருந்து என் உயிரைக் காத்த துப்பாக்கியின் குழல், சட்டம் சொல்லும் நீளத்துக்கு அரைக்கால் அங்குலம் குறைந்திருந்தமைக்காக என் கணவர் மீது தொடரப்பட்டுள்ள வழக்கைக் கைவிட வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நானும் என் கணவரும் ஒவ்வோர் ஆகஸ்டிலும் மலைமேல் கூடாரம் அடித்துத் தங்கி ஹக்கிள்பெர்ரி பறிப்பவர்கள். அந்தச் சரிவுக்குக் கரடிகளும் அதே பழத்துக்காகத்தான் வருகின்றன. பல காலம் அவை ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம் என்று சண்டையில்லாமல் இருந்தோம். அண்மைக் காலமாக அவை மனிதரைக் கண்டு விலகுவதில்லை. நாங்கள் எடுத்துச் செல்லும் மிளகாய்த் தெளிப்பானோ, எதிர்க்காற்று அடித்தால் நம் கண்ணைத்தான் எரிய வைக்கும். என் மைத்துனரின் நீளத் துப்பாக்கியை ஒரு முறை இரவல் வாங்கிப் போனோம். அது புதருக்குப் புதர் மாட்டியதால் கூடாரத்திலேயே சாத்தி வைத்துவிட்டுப் பழத்துக்குப் போனோம். தேவைப்படும்போது கையில் இல்லாத துப்பாக்கி எதற்கு என்று கருதி, சிறியதாக, மலிவாக ஒன்று வாங்கத் தீர்மானித்தோம்.

2. எங்கள் ஊரில் துப்பாக்கி விற்பவர் கஸ் ஃபைஃபர். அவர் எடுத்து வைத்த குட்டைத் துப்பாக்கிகளில் நல்லவை எல்லாம் எங்கள் கைக்கு எட்டாத விலை. கைக்கு எட்டிய ஒன்றுக்குத் தோளில் வைக்கும் கட்டையே இல்லை, வெறும் கைப்பிடிதான். என் கணவர் அதை ஒருமுறை தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, இதைச் சுட்டால் கரடிக்கு முன்னால் தன் மணிக்கட்டு போய்விடும் என்று திருப்பிக் கொடுத்தார். கடைசியில் பறவை சுடும் பழைய ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்றை எடுத்தோம். இரண்டாகக் கழற்றிப் பைக்குள் வைக்கலாம், எடையும் குறைவு, ஆனால் குழல் மட்டும் மிக நீளம். ஒரு தோட்டாதானே கொள்ளும் என்று நான் தயங்கினேன். அதற்கு கஸ், "அம்மா, கரடி பாஞ்சு வர்றப்ப ரெண்டாவது தோட்டாவுக்கு யாரும்மா நேரம் குடுக்கப் போறா? மொதல்ல சுடறத ஒழுங்கா சுடச் சொல்லுங்க உங்க வீட்டுக்காரர" என்றார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம்.

3. குழலைக் குறைப்பது இங்கே புதிதல்ல. பதினெட்டு அங்குலத்துக்குக் கீழே போகாதவரை சட்டமும் தடுக்கவில்லை. அப்படிக் குறைப்பவர்கள் கட்டைவிரல் அகலமாவது கூடுதலாக விட்டு அறுப்பார்கள். என் கணவரால் அது முடியவில்லை. இவ்வளவு மிச்சம் விடுவது வேலை தெரியாதவன் செய்கிற காரியம் என்பது அவர் எண்ணம். கால் அங்குலம் மட்டும் கூட விட்டு அறுத்தார், அளந்தும் பார்த்தார், சரியாக இருந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். குழல் வாய் ஒரு பக்கம் மயிரிழை சாய்ந்திருக்கிறது என்று இன்னொரு மெல்லிய துண்டை அறுத்தார். பிறகு பிசிறு போக அரத்தால் ராவினார், ராவிய பின் மறுபடியும் ராவினார். எங்கள் வீட்டுக் கதவுகள் ஒன்றும் கிறீச்சிடாததற்கு என்ன காரணமோ, இந்த வழக்குக்கும் அதுதான் காரணம். கடைசியாக ராவிய பிறகு அவர் அளக்கவில்லை.

4. இந்த ஆகஸ்டில் நான் வாளியோடு குனிந்திருந்தபோது, கைக்கெட்டும் தூரத்துக்குச் சற்று அப்பால் ஒரு கிரிஸ்லிக் கரடி எழுந்து நின்றது. அதன் குட்டி எனக்குப் பின்னால் இருந்தது எனக்குத் தெரியாது. தெளிப்பானை அழுத்தினேன். காற்று அதை என் பக்கமே திருப்பியது. அதன் பிறகு நான் எதையும் பார்க்கவில்லை, சத்தம் மட்டும் கேட்டேன். கண் திறந்தபோது கரடி என் வாளியின் மேல் விழுந்து கிடந்தது. என் கணவர் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். நான் உயிரோடு இருப்பதற்காக அழுதாரா, அந்தக் குட்டிக்காக அழுதாரா என்று நான் கேட்கவில்லை.

5. கிரிஸ்லியைக் கொன்றால் உடனே தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். பேசாமல் இறங்கி வந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. என் கணவருக்கு அந்த யோசனையே வரவில்லை. தொலைபேசி எடுக்கும் இடம்வரை நடந்துபோய் அவரே தகவல் சொன்னார். வந்த வனவிலங்கு அதிகாரி இடத்தைப் பார்த்து, கரடியைச் சுட்டதில் குற்றம் ஏதுமில்லை என்று அங்கேயே கூறினார். அந்த அதிகாரி மீது எனக்கு மனக்குறை இல்லை. பிறகு வழக்கமான பதிவுக்காக எங்கள் வீட்டில் வைத்துக் குழலை அளக்க முற்பட்டார். அவருடைய அளவு நாடா குழலுக்குள் நேராகப் போகவில்லை. என் கணவர் பட்டறைக்குப் போய் ஓர் உருளைக் கம்பை அறுத்து எடுத்துவந்து, தாமே உள்ளே விட்டு, விளிம்பில் பென்சிலால் கோடு போட்டு, அளவுகோலில் வைத்துத் தாமே படித்தார். "பதினேழே முக்காலே அரைக்கால்" என்றார். அந்த அதிகாரி, "அய்யா, இன்னொரு வாட்டி பாருங்க" என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். என் கணவர் இன்னொரு முறை பார்த்து அதையே சொன்னார்.

6. இப்போது தங்கள் தரப்புக்கு வேறு சாட்சி தேவையில்லை என்று அறிகிறேன். குற்றத்தை ஒப்புக்கொண்டால் சிறை இராது என்று தங்கள் அலுவலகம் தெரிவித்திருப்பதையும் அறிவேன். எங்களுக்கு நியமிக்கப்பட்ட வழக்கறிஞர் வாதாட ஆயத்தமாக இருக்கிறார், என் கணவர்தான் வாதாட வேண்டாம் என்கிறார். அவருக்குத் தெரியாமல் இம்மனுவை எழுதுகிறேன். நேற்று நான் மன்றாடியதற்கு அவர் சொன்ன பதில் இது: "கொறைஞ்சா கொறைஞ்சதுதான் ஆர்லீன். என்கிட்ட வேல செய்யிறவன் இப்படி அறுத்துட்டு வந்தா நான் ஒத்துக்குவேனா?" இந்த மனிதரை மணந்துகொண்டு இத்தனை ஆண்டுகளில் எனக்கு இவ்வளவு கோபம் வந்ததில்லை.

7. அவர் குற்றவாளி என்று எழுதப்பட்டுவிட்டால் இனி வாழ்நாளில் துப்பாக்கியிலோ தோட்டாவிலோ அவர் கை படக்கூடாது. அவை அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருப்பதே குற்றமாகலாம் என்று வழக்கறிஞர் விளக்கினார். கரடி உலவும் மலையடியில் எங்கள் வீடு. பழம் பறிப்பதை விட்டுவிடுங்கள் என்று சொல்வது எளிது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை, தேவாலயத்துக்கும் போவதில்லை. ஆண்டு முழுவதும் நாங்கள் காத்திருப்பது அந்தச் சில நாட்களுக்காகத்தான்.

ஆகவே ஐயா, வழக்கைக் கைவிடும்படி வேண்டுகிறேன். தாங்கள் கைவிடுவீர்கள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. அளவு அளவுதான் என்று என் கணவரே சொல்லும்போது தங்களால் வேறு என்ன சொல்ல முடியும்?

அவ்வாறாயின், ஒன்றை மட்டுமாவது எழுத்து மூலம் தெரிவித்து உதவுங்கள். வரும் ஆகஸ்டில் துப்பாக்கியை நான் சுமந்து முன்னே நடப்பேன். அவர் வெறுங்கையோடு என் பின்னே வர வேண்டும். அவர் கைக்கு எட்டாத தூரம் என்பது சட்டப்படி எத்தனை அடி? எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு கரடி புகுந்துவிடக்கூடிய தூரம்தானா அது? தாங்கள் குறிப்பிடும் அளவு எதுவாயினும் என் கணவர் அதற்கு அரைக்கால் அங்குலம்கூடக் குறையாமல் தள்ளியே நடப்பார்.

இடம்: ஹார்லன் ஃபோர்க்
நாள்: 14 அக்டோபர் 2019

பயனிராது என்று அறிந்தும் விண்ணப்பிக்கும்,
(ஒப்பம்)
ஆர்லீன் டோர்கர்சன்