டில்லி படகில் என் இடம்

மே 4, ஞாயிறு
ஏழு மணிக்கே வெயில் சுள்ளென்று. வியாசர்பாடியில் நான் பஸ் ஏறினேன், தண்டையார்பேட்டையில் நூர்ஜஹான். இருபது வருடத் தோழி. எண்ணூரில் இறங்கி ஷேர் ஆட்டோவில் நெட்டுக்குப்பம்.
பையில்: எலுமிச்சை சாதம், அவித்த முட்டை நாலு, தண்ணீர் மூன்று பாட்டில். நூ. கொண்டுவந்தது மட்டன் சமோசா. குடை மறந்தாச்சு.

மீன்பிடித் தடைக்காலம். வேலை குறைவு என்று டில்லி என்கிற மீனவன் தன் ஃபைபர் படகை ஞாயிறுகளில் கழிமுகம் சுற்றிப் பார்க்க வாடகைக்கு விடுகிறான். எட்டுப் பேர் சேர்ந்தால்தான் எடுப்பான். நாங்கள் இரண்டு பேர், மீதி கரையில் நின்ற முகம் தெரியாதவர்கள். ஒரு புது ஜோடி, கல்லூரிப் பிள்ளைகள் மூன்று பேர், அம்பத்தூரிலிருந்து வந்த, தொப்பி போட்ட ஒல்லி மனிதர்.

படகின் முனையில் ஒரு சின்னப் பலகை. அதில் உட்கார்ந்தால் எதிரே தண்ணீர் மட்டும்தான். பார்த்ததுமே ஆசை. போனேன். டில்லி என்னை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை.
"யக்கா, நீ நடுவுல குந்து. முன்னால குந்துனா போட்டு மூக்கு தண்ணில குத்திக்கும்."
எல்லாரும் சிரித்தார்கள். நூ.வும்தான், துரோகி. தொப்பிக்காரர் போய் முனையில் உட்கார்ந்து தன்னைத்தானே படம் எடுத்துத் தள்ளினார். கழிமுகம் முழுக்க நான் பார்த்தது அவர் முதுகு.

வேபிரிட்ஜில் நாள் முழுக்க கண்டெய்னர் லாரிகளின் எடை எழுதுகிறவள் நான். என்னை ஒருத்தன் கண்ணாலேயே எடை போட்டுவிட்டான்.

மே 6, செவ்வாய்
புழுக்கம். லாரி வரிசை கேட்டைத் தாண்டி ரோடு வரை. கோபம் இன்னும் போகவில்லை. காலையில் இட்லி இரண்டோடு நிறுத்தினேன். பதினோரு மணிக்கு பஜ்ஜி மூன்று. இந்த லட்சணத்தில் இளைத்து அந்தப் பலகையில் உட்காருவது நடக்கிற காரியமா.
நூ.வுக்கு போன். வர்ற ஞாயிறும் போகிறோம் என்றேன்.
"முன்னால குந்த வுடமாட்டான்டி."
"வுடுவான் பாரு."
எப்படி என்று கேட்டாள். தெரிந்தால்தானே சொல்ல.

மே 11, ஞாயிறு. வீடு திரும்பியதும்
குளிக்கக்கூட இல்லை, எழுத உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷத்தில்.

அதே தொப்பிக்காரர் இன்றும் வந்திருந்தார். புதிதாக ஒரே குடும்பத்தில் ஐந்து பேர். பலகையை மறுபடி கேட்டேன். மறுபடி நடுவில். அதே முதுகு.

திரும்பி வரும்போது தொம் என்று ஒரு சத்தம், எஞ்சின் நின்றது. படகின் பின்பக்கம் சேற்றில் உட்கார்ந்துவிட்டது. டில்லி குதித்துத் தள்ளினான். தொடை வரை சாம்பல் நிறச் சேறு. குடும்பத்து அப்பாவும் இறங்கித் தள்ளினார். அசையவில்லை.
"தண்ணி வத்திகினே கீது. இப்ப வுட்டா சாய்ங்காலம் ஏறுற வரைக்கும் இங்கியேதான்."
உச்சி வெயில். நிழல் இல்லை. குடிக்க ஒரே பாட்டில் மிச்சம். அந்தக் குடும்பத்துச் சின்னப் பெண் அழ ஆரம்பித்தாள்.

"அல்லாரும் முன்னால போங்க. முன்பக்கம் எறங்குனா பின்னால தூக்கிக்கும்" என்றான் டில்லி. போனார்கள். தொப்பிக்காரர் பலகையை விடவில்லை. படகும் சேற்றை விடவில்லை. நான் மட்டும் நடுவில், சொன்ன இடத்தில். டில்லி என் பக்கம் திரும்பினான்.
"யக்கா, நீயும் வா."
"மூக்கு குத்திக்குமே, நைனா?"
"குத்தட்டும்க்கா, அதான் வோணும்! சாரே, எய்ந்திரு. அக்காவுக்கு எடம் வுடு."

எழுந்தேன். எல்லாரும் ஒதுங்கி வழி விட்டார்கள். பலகையில் முழுசாக, தயவுதாட்சண்யம் இல்லாமல் உட்கார்ந்தேன். முனை இறங்கியது. பின்னால் சேறு சளக்கென்று விட்டது. சேற்றில் நின்ற இரண்டு பேரும் ஒரு தள்ளு. மிதந்தோம்! நூ. விசில் அடித்தாள். அழுத பெண் கைதட்டினாள்.

நடுவுக்கே போகட்டுமா என்று கேட்டேன், சும்மா ஒரு பேச்சுக்கு.
"ஐயோ, அங்கியே குந்து யக்கா. பின்னால வெயிட்டு வந்தா மறுபடி மாட்டிக்கும்."
கரை வரை நான்தான் முனையில். முகத்தில் உப்புத் தண்ணீர். முன்னால் ஒருத்தர் முதுகும் இல்லை. இத்தனை வயதில் இப்படிச் சிரித்ததில்லை.

மே 12, திங்கள்
மூக்குத் தோல் உரிகிறது. இட்லி ஐந்து.
மத்தியானம் லாரி இல்லாத நேரம் வேபிரிட்ஜில் நானே ஏறி நின்றேன். இருபது இருபது கிலோவாகத்தான் காட்டும் அது. 100 என்று காட்டியது. வாட்ச்மேனைக் கூப்பிட்டுக் காட்டினேன். இத்தனை நாள் யாரிடமும் சொல்லாத எண்.

மே 18, ஞாயிறு
மேகமூட்டம், நல்ல காற்று. தொப்பிக்காரர் இன்றும். எங்களுக்கு முன்னாலேயே ஏறி நேராக முனைக்குப் போனார். நான் சமோசாப் பையோடு நடுவுக்குப் போனேன். டில்லி கயிற்றை அவிழ்த்தபடியே சொன்னான்:
"சாரே, நீ நடுவுல குந்து. உன் வெயிட்டு பத்தாது."
சமோசா ஆளுக்கு ஒன்று. முனையிலிருந்து அவருக்கு மட்டும் இரண்டாகக் கொடுத்தேன்.