ஆயில் குடிக்கிற வேன்

அய்யாவுக்கு, மகள் கனகலட்சுமி வணக்கம். மூட்டுவலி தேவலையா? பாம்பன்ல நான் நல்லா இருக்கேன்.

நேத்து ஒரு கூத்து. மீன் கம்பெனிக்கு நான் ஓட்டுற பழைய வேன்ல இஞ்சின் ஆயில் குறைஞ்சிருந்துச்சு. முதலாளி, வேலைக்கு வந்த பொம்பளைக முன்னாடியே, "நீதான் எடுத்து வித்துட்ட"ன்னுட்டாரு. எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சது. அவரையே அளவுக் கம்பியில மேல்கோடு வரைக்கும் ஆயில் ஊத்தச் சொல்லி, பக்கத்துல உட்கார வச்சு மண்டபம் வரைக்கும் ஓட்டினேன். பின்னால ஒரே நீலப் புகை, ஆயில் எரியுற புகை.

"வண்டி குடிக்குது, நானா குடிச்சேன்?"னு கேட்டேன். "பழி சொன்ன இடத்துலயே மாத்திச் சொல்லுங்க, இல்லாட்டி வேற ஆளப் பாத்துக்கங்க"ன்னு சாவியை நீட்டினேன். திரும்பி வந்து அத்தனை பேர் முன்னாடியும், "தப்பாச் சொல்லிட்டேன்"னாரு. ஆனாலும் மனசு ஆறல அய்யா. போன்ல சொன்னா அழுதுருவேன், அதான் எழுதுறேன்.

நம்ம மிளகாய்த்தூள் தீந்துபோச்சு. பஸ்ல போட்டு விடாதீக, நீங்களே கொண்டு வாங்க. எல்லாரும் வேன்ல ஏறிட்டாக, போறேன்.

கனகு